திங்கட்கிழமைக் காழ்ச்சபங்களா

திருவனந்தபுரத்துக் காழ்ச்சபங்களாவில் எந்தக் கட்டடம் உசத்தி என்று எங்கள் வீட்டில் வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. தீர்ப்புச் சொன்னவள் என் அம்மை. அந்த வருஷங்களில் அவள் திருவனந்தபுரத்தைப் பார்த்ததே இல்லை.

மியூசியம் என்ற சொல் அப்போது எங்கள் ஊரான கருங்கல் பக்கம் படித்தவர்கள் வாயில்தான் கிடந்தது. மற்ற எல்லாருக்கும் அது காழ்ச்சபங்களா. ஒரே பெரிய தோட்டத்துக்குள் தனித்தனிக் கட்டடங்கள். சிலையும் தந்த வேலையும் வைத்திருக்கும் பெரிய பங்களா ஒன்று, எலும்புக்கூடுகள் நிற்கும் இடம் ஒன்று, ஓவியங்கள் மாட்டிய படச்சாலை ஒன்று, அப்புறம் உயிரோடு இருக்கும் மிருகங்கள். ஒவ்வொன்றையும் ஒரு காழ்ச்சபங்களாவாகவே நாங்கள் கணக்கில் வைத்துக்கொண்டோம். எங்கள் ஊரிலிருந்து அங்கே சும்மா போகிறவர்கள் கிடையாது. ஏதாவது ஒரு சோலி வேண்டும். கோர்ட்டு, ஆஸ்பத்திரி, பரீட்சை, கடைச்சரக்கு. சோலி முடிந்து சாயங்கால பஸ்ஸைப் பிடிப்பதற்குள் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து வெளியே வரலாம், அவ்வளவுதான். ஆகவே ஆளுக்கு ஒரு கட்டடம். பார்த்தது ஒன்று, பேசுவதோ நாலையும் பற்றி. சண்டைக்குக் கேட்பானேன்.

இப்போது என் மகள் போனைத் தேய்த்து, இந்த ஊரில் சிறந்த பத்து மியூசியம், அந்த ஊரில் சிறந்த பத்து என்று வாசித்துக் காட்டுகிறாள். ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் வேறு. எனக்கு எரிச்சலாக வருகிறது. பார்த்துவிட்டு வாசலைத் தாண்டும் முன்பே நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். அம்மை அதை ஒத்துக்கொண்டிருக்கமாட்டாள். அவள் முறை வேறு. பார்த்து வந்தவன் அன்றைக்குச் சொல்வதை அவள் காதில் வாங்குவாளே தவிர, மனதில் ஏற்றமாட்டாள். ஒரு மாதம் போக விடுவாள். பிறகு கிழங்குக்குத் தோல் உரிக்கும்போதோ, கறிக்கு அரைக்கும்போதோ, “ஏலே, அண்ணைக்கு ஒரு சிலையப் பத்திச் சொன்னியே, அதுக்கு எந்தக் கை ஒடிஞ்சிருந்தது?” என்று கேட்பாள். பதில் வராவிட்டால் அந்தக் கட்டடம் ஒரு படி இறங்கிவிடும். “ஒரு மாசம் நிக்காதது என்ன காழ்ச்ச?” என்பாள்.

அப்பாவுக்குக் கருங்கல் சந்தை ரோட்டில் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்புறம் வீடு. ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வருகிற கிறிஸ்தவக் கூட்டத்துக்கு வியாபாரம் பார்த்துவிட்டு மத்தியானத்தோடு கடையைச் சாத்துவார். அம்மை மரச்சீனிக்கிழங்கு அவித்து, மிளகாய் தூக்கலாக மீன்கறி வைப்பாள். அந்தக் கிழங்குக்கு இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். ஒருவர் அம்மையின் தம்பி, என் மாமா. நாகர்கோவிலில் வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டோடு அடிக்கடி திருவனந்தபுரம் போகிறவர். படச்சாலைக்காரர். இன்னொருவர் பக்கத்து வீட்டு டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. பரீட்சைத் தாள் திருத்தப் போன இடத்தில் எலும்புக்கூடுகளைப் பார்த்து வந்தவர், அதற்கப்புறம் வேறெதையும் மதிக்கவில்லை.

“எலும்பப் பாக்கதுக்கு பஸ் ஏறிப் போணுமா டீச்சர்? நம்ம ஊரு சுடுகாட்டில இல்லாத எலும்பா?” என்று மாமா ஆரம்பிப்பார்.

“நீங்க அந்த இடத்துக்குள்ள போனியளா?”

“போகல்ல.”

“பின்ன எதுக்கு வாயத் தொறக்கிய? ஒரு குருவிக்க எலும்பு அங்க நிக்கு. பல் குத்துத குச்சி அளவுக்குக்கூட இல்ல. அதயும் தேவன் அளந்து வச்சிருக்காரு. உங்க படம் எல்லாம் மனுஷன் கையால தேச்ச சாயம்.”

மாமாவுக்கு முகம் சிவந்துவிடும். எனக்கு இதில் எந்தக் கட்சி என்று கேட்டால், அன்றைக்கு யார் தோற்கிறாரோ அவர் கட்சி. ஜெயிக்கிறவர்களைக் கண்டால் அந்த வயதிலேயே எனக்குப் பிடிக்காது.

அப்பா அதிகம் பேசமாட்டார். இத்தனைக்கும் இவர்கள் எல்லாரையும்விட அதிகமாகத் திருவனந்தபுரம் போனவர் அவர்தான். கடைக்கு வேண்டிய சிம்னி, குப்பி, சாம்பிராணி எல்லாம் அங்கே சாலைக்கம்போளம் என்கிற கடைத்தெருவில் எடுத்து வருவார். அவரை இழுத்து வைத்துக் கேட்டால், “நமக்கு வெளிப்புறம்தான் ஒண்ணாமது” என்பார். பெரிய பங்களாவின் வெளிப்புறத்தைச் சொல்கிறார். செங்கல்லில் ஒரு வரி, வேறு நிறத்தில் ஒரு வரி என்று சுவர் ஏறுவதையும், கூரை முகடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்று கூராக நிற்பதையும், மரச்சட்டத்தில் வெட்டிய பூ எந்த ஜன்னலில் உடைந்திருக்கிறது என்பதையும் அவ்வளவு துல்லியமாகச் சொல்வார்.

“அத்தானுக்குத் தேங்காய உடைச்சுப் பருப்பு எடுக்கத் தெரியாது. வெளியில உள்ள தொண்டு மட்டையே போரும்” என்று மாமா கேலியாகக் களியாக்குவார்.

அம்மையும் சிரித்துக்கொண்டே அப்பாவின் வெளிப்புறத்தைக் கடைசியில் வைப்பாள். ஆனால் அவரை விடமாட்டாள். திங்கட்கிழமை அவர் சரக்கெடுத்துத் திரும்பியதும் வெந்நீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு விசாரணையைத் தொடங்குவாள்.

“சிங்கம் பாத்தியளா?”

“கத்திச்சு. ரோடு தாண்டிக் கேட்டுது.”

“மீசை உண்டா அதுக்கு, பூனைக்கு இருக்கது போல?”

“அது அங்கன திரும்பிக் கெடந்துது.”

“எப்பப் போனாலும் திரும்பியே கெடக்குமா உங்க சிங்கம்?”

அப்பா துவர்த்தை எடுத்து முகத்தை நெடுநேரம் துடைப்பார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா கிழங்கை வாயில் வைத்துக்கொண்டே சொன்னார். “அக்கா, படச்சாலையில ஒருத்தி கையில வெளக்கு பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கா. அசல் நீதான்.”

“ஏலே, களியாக்காத.”

“சத்தியமாட்டு. அந்த நெத்தி, அந்த மூக்கு. வெளக்கு வெளிச்சத்தில நீ கடைய எட்டிப் பாக்கது போலத்தான் இருக்கு.”

“எந்த ராசா இந்த அடுப்படிக்கு வந்து என்னப் பாத்து வரைஞ்சாரு?” என்று அம்மை சட்டியை இறக்கினாள். அத்துடன் பேச்சு எலும்புக்குப் போய்விட்டது. ஆனால் அன்று சாயங்காலம் அவள் தலை வாரும்போது கண்ணாடியை வழக்கத்தைவிட அதிக நேரம் கையில் வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் யாருக்கும் போட்டோ கிடையாது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அப்பாவின் உறுதியான எண்ணம். அம்மை தன் முகத்தைப் பார்த்தது அந்தக் கைக்கண்ணாடியில்தான், அதுவும் கால்வாசி ரசம் போனது.

மறுநாள் அப்பா கிளம்பும்போது, “சமயம் கிட்டினா அந்தப் படத்தக் கொஞ்சம் பாத்துக்கிட்டு வாருங்க” என்றாள். சாதாரணமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

“பாத்தியளா?”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். “ம்.”

“என்னப் போலயா இருக்கு?”

“அது என்ன படம்” என்றார் அப்பா. “நீதான் நல்லாருக்க.”

அப்பா அப்படி ஒரு வார்த்தை பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அம்மை எனக்கு எடுத்து வைத்திருந்த மீன் துண்டைத் தூக்கி அவர் இலையில் வைத்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து அம்மைக்கு அந்தப் படத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வாயால் சொல்லவில்லை. ஆனால் மாமா வரும்போதெல்லாம் அந்த வாசல் என்ன நிறம், அந்த விளக்கில் எத்தனை திரி, அவள் சேலை என்ன கரை என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். மாமா ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. படச்சாலை முதலிடத்துக்கு ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. டீச்சருக்குக் கொஞ்சநாள் கோபம். அம்மைக்குப் போக வழியில்லை. அவளுக்குத் திருவனந்தபுரத்தில் என்ன சோலி? வழக்கு இல்லை, வியாதி இல்லை, பரீட்சை இல்லை. படம் பார்க்கப் போகிறேன் என்று ஒரு பெண்பிள்ளை பஸ் ஏறினால் ஊர் வழித்துக்கொண்டு சிரிக்கும். நல்ல உடம்போடு இருந்ததுதான் அவள் செய்த தப்பு என்று எனக்குத் தோன்றும்.

வருஷங்கள் போயின. திருவிதாங்கூர் போய்த் திருக்கொச்சி வந்தது. மாமா கிழங்கு தின்ன வரும்போது அரசியலும் கூடவே வந்தது. தமிழ் பேசுகிற நாம் சென்னையோடு சேர வேண்டும் என்று மாமா கொதிப்பார். சேர்ந்தால் படச்சாலை நமக்கு இல்லாமல் போகுமே என்று டீச்சர் குத்தினார்.

“போகட்டும். சென்னையில இதவிடப் பெரிய மியூசியம் உண்டு.”

“அங்க என் மொகத்தில ஒருத்தி நிக்காளா?” என்று அம்மை கேட்டாள்.

மாமா கிழங்கைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சென்னை எங்கள் வீட்டில் அன்றோடு கடைசி இடத்துக்குப் போயிற்று, யாரும் பார்க்காமலே.

கடைசியில் அம்மைக்குச் சோலி என்னால் வந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமானது, அருமனைப் பக்கம். சீர்ப் பாத்திரமும் சேலையும் சாலைக்கம்போளத்தில் எடுப்பதாக முடிவு. பாத்திரம் எடுக்கப் பெண்பிள்ளை இல்லாமல் முடியுமா? அம்மையும் போக வேண்டும், கல்யாணப்பெண் நானும் போக வேண்டும்.

இங்கே அப்பாவின் நாள் கணக்கைச் சொல்லியாக வேண்டும். அவர் சூலம் பார்க்கிறவர். ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம், செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். எங்களுக்குத் திருவனந்தபுரம் மேற்கா வடக்கா என்று கேட்டால் இரண்டுக்கும் நடுவில். அப்பா இரண்டுக்கும் பயந்தார். சனிக்கிழமை நல்ல காரியத்துக்கு ஆகாது. வியாழக்கிழமை கருப்பட்டிக்காரர்கள் கடைக்கு வரும் நாள். மிச்சம் திங்கட்கிழமை. நான் பிறப்பதற்கு முன்னிருந்தே அவர் திருவனந்தபுரம் போனதெல்லாம் திங்கட்கிழமைகளில்தான்.

அப்படிப்பட்டவர், அம்மை வருகிறாள் என்றதும், “வியாழக்கிழமை போவமே. கருப்பட்டிக்காரனுவள அடுத்த வாரம் வரச் சொல்லுதேன்” என்றார். எங்களுக்கு ஆச்சரியம்.

“கல்யாணச் சாமான் எடுக்கப் போறோம். உங்களுக்கு ராசியான நாள விட்டுட்டா?” என்றாள் அம்மை. “திங்கள்தான்.”

“வியாழனுக்கு என்ன கொறை?”

“திங்களுக்கு என்ன கொறை?”

திங்கட்கிழமையே கிளம்பினோம். பஸ்ஸில் குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. அம்மை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்யாணம் எனக்கா அவளுக்கா என்று தோன்றும்படி பட்டுக்கரைச் சேலை உடுத்தியிருந்தாள். அப்பா மட்டும் பரீட்சைக்குப் படிக்காமல் போகிற பிள்ளை மாதிரி இருந்தார். சாலைக்கம்போளத்தில் ஒவ்வொரு பாத்திரத்தையும் தட்டித் தட்டி நேரத்தைக் கடத்தப் பார்த்தார். அம்மை விடவில்லை. சடசடவென்று எடுத்து, மூட்டையைத் தெரிந்த கடையில் வைத்துவிட்டு, “வாருங்க” என்று முன்னால் நடந்தாள். வழி தெரியாத ஊரில் அவள் முன்னால் நடந்தாள்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் பெரிய பங்களா தெரிந்தது. அப்பா சொன்ன அதே வரிகள், அதே முகடுகள். அம்மை வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு படிக்கட்டுக்குப் போனோம். கதவு சாத்தியிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரர் எழுந்து, அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

“பின்னெயும் திங்களாழ்ச்ச தன்னே வந்நோ?”

மறுபடியும் திங்கட்கிழமையேதான் வந்தீர்களா என்று கேட்கிறார். பாதி மலையாளம் பேசி வளர்ந்த எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை எல்லாவற்றுக்கும் விடுமுறை. சிலைக்கு, எலும்புக்கு, படத்துக்கு, மிருகத்துக்கு. தோட்டம் மட்டும்தான் திறந்திருக்கும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷமாக இந்த மனிதர் என்று பல்லைக் கடித்தேன். அம்மை மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

“அப்போ நீங்க உள்ளயே போனதில்லியா?”

“இல்ல.”

“சிங்கம்?”

“சத்தம் கேக்கும். அந்த மரத்துக்குப் பின்னால நிண்ணா நல்லாக் கேக்கும்.”

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது.

“அந்தப் படம்?”

அப்பா துவர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“நான்தான் நல்லாருக்கேன்னு சொன்னியளே. பாக்காமலா சொன்னிய?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அதுக்குப் படத்தப் பாக்கணுமா?”

காவல்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. அந்த ஆசையோடு அத்தனை வருஷம் இருந்தவள், அத்தனை தூரம் வந்து பூட்டின கதவின்முன் நிற்கிறாள். அவள் அழவில்லை. “வந்தது வந்தாச்சு. நீங்க பாத்தத எனக்குக் காட்டுங்க” என்றாள்.

அப்பா காட்டினார். பெரிய பங்களாவைச் சுற்றி நடந்தார்கள். உடைந்த மரப்பூ இருக்கும் ஜன்னலைக் காட்டினார். வெயில் சாயும்போது எந்தச் சுவர் முதலில் நிறம் மாறும் என்று சொன்னார். சிங்கத்துக்குரிய மரத்தடியில் மூன்று பேரும் நின்றோம். அது கத்தவில்லை. கட்டிக்கொண்டு போன சோற்றைப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைசியாகப் படச்சாலைக்குப் போனபோது அம்மை அதன் கதவில் உள்ளங்கையை வைத்து, உள்ளே யாரோ உறங்குவதுபோலச் சத்தமில்லாமல் எடுத்தாள். திரும்பி ரோட்டுக்கு வந்த பிறகுதான் சிங்கம் கத்தியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பஸ்ஸில் அம்மை, “அடுத்த தடவ வியாழக்கிழமை” என்றாள். அப்பா, “கருப்பட்டியாவது மண்ணாவது” என்றார்.

ஒரு மாதம் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை கிழங்கு. டீச்சர்தான் கேட்டார், இப்போது நேரில் பார்த்தாயிற்றே, எது முதலாவது என்று.

“வெளிப்புறம்” என்றாள் அம்மை.

மாமா, “அக்கா, அது எப்படி” என்று துள்ளினார். டீச்சரும் அவரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே கட்சியில் நின்று கத்தினார்கள். பூட்டியிருந்த விஷயத்தை அம்மையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா தலை நிமிராமல் கிழங்கைத் தின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

அந்த வியாழக்கிழமை வரவில்லை. என் கல்யாணம் முடிந்த சூட்டோடு நவம்பர் வந்தது, எல்லை பிரிந்தது. மாமா எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். நாங்கள் சென்னை ராஜ்யத்துக்காரர்கள் ஆனோம். எங்கள் பக்கத்திலேயே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் மலையாளத்தார் கையிலேயே நின்றுவிட்டது என்று மாமா குறைப்பட்டபோது, “வெளிப்புறம் நமக்குத்தானே. உங்க அத்தானுக்கு அது போரும்” என்று அம்மை சிரித்தாள். யாரும் வழியை மறிக்கவில்லை. பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எல்லையில் சரக்குச் சோதனை வந்ததால் கடைச்சரக்கை அப்பா நாகர்கோவிலிலேயே எடுக்கத் தொடங்கினார். திருவனந்தபுரத்தில் எங்களுக்குச் சோலி இல்லாமல் போயிற்று. சோலி இல்லாமல் போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

சாவில் அப்பா முந்திக்கொண்டார். சில வருஷம் கழித்து நான் அம்மையைக் கூப்பிட்டேன். “ஒரு வியாழக்கிழமை போவோம் அம்மை, படத்தப் பாத்திருவோம்.”

“உள்ள போறதுக்கு ஆயிரம் பேரு கூட வருவாவ மக்களே” என்றாள். “வெளிய நிக்கதுக்குத்தான் ஆளில்ல.” அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை.

அவளும் கண்ணை மூடிய பிறகு நான் தனியாகத் திருவனந்தபுரம் போனேன். வியாழக்கிழமைதான். அம்மையின் முகத்தைப் பார்க்கப் போனேன் என்பதுதான் உண்மை. கடைசிக் காலத்து முகம் எனக்குத் தெரியும். கிழங்குச் சட்டியை இறக்கிய அந்த வயதின் முகம் மட்டும் கலங்கிப் போயிருந்தது. பார்த்துச் சரிசெய்துகொள்ள ஒரு போட்டோ இல்லை. மாமாவின் சத்தியத்தை நம்பித்தான் பஸ் ஏறினேன்.

படச்சாலை திறந்திருந்தது. விளக்கோடு அவள் வாசலில் நின்றாள். மாமா சொன்ன கரை, மாமா சொன்ன திரி. முகம் அம்மை இல்லை. அம்மைக்கு நெற்றி இவ்வளவு அகலம் இல்லை. அம்மையின் மூக்கு நுனியில் ஒரு சின்னக் குழி உண்டு, இவளுக்கு அது இல்லை. அம்மை கடையை எட்டிப் பார்க்கும்போது ஒரு புருவம் மட்டும் ஏறும், இவளுக்கு இரண்டும் ஒரே மட்டம். இது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தபோது, தொலைந்திருந்த அந்த முகம் முழுசாக எனக்குத் திரும்பக் கிடைத்தது. அங்கேயே நின்று அழுதேன். யாரோ ஒரு பெண் வந்து, தண்ணீர் வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டாள்.

அப்பா பார்க்காமல் சொன்னதுதான் சரி. அவள்தான் நன்றாக இருந்தாள்.